நல்ல சிமென்ட் எது? முதலில் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்

கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஒரு பழைய படகுத்துறைத் தூணை உற்றுப் பாருங்கள். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அடிப்பகுதி, பாசி படிந்திருந்தாலும் உறுதியாகவே இருக்கும். அலை எட்டாத உச்சியிலும் பெரிய குறை தெரியாது. இரண்டுக்கும் நடுவே, அலை வந்து மோதிவிட்டுப் போகும் அந்த ஒன்றிரண்டு மீட்டரில்தான் கதையே வேறு. பழுப்புக் கறை ஒழுகியிருக்கும். உள்ளே கம்பி போகும் வழியிலேயே நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருக்கும். சில இடங்களில் கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து, இளைத்துப்போன கம்பி வெளியே தெரியும்.

ஒரே தூண், ஒரே சிமென்ட், ஒரே நாளில் ஊற்றிய கலவை. ‘எந்தச் சிமென்ட் நல்லது?’ என்று கேட்பவர்களுக்கு அந்தத் தூணே மூன்று பதில் வைத்திருக்கிறது. சிமென்டின் தரம் பாதி விஷயம்தான். அது எதை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஒரு எதிரிக்காக வாங்கிய சிமென்ட் இன்னொரு எதிரிக்கு வழி திறந்துவிடும். இது அடிக்கடி நடக்கிறது.

முதலில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் என்கிற கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் கிடைக்கும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், அதாவது ஓபிசி. கிளிங்கரில் முக்கியமாக நான்கு சேர்மங்கள் உண்டு. முதல் சில வாரங்களின் வலிமையைத் தருவது டிரைகால்சியம் சிலிகேட். நிதானமாக, மாதக்கணக்கில் வலிமை சேர்ப்பது டைகால்சியம் சிலிகேட். இரும்பு கலந்த ஃபெர்ரைட் பெரிதாக வம்புக்கு வராது. நான்காவது டிரைகால்சியம் அலுமினேட். துறைக்காரர்கள் ‘சி3ஏ’ என்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் சண்டைகளில் பாதி அதை வைத்துத்தான்.

தண்ணீர் பட்டதும் சிலிகேட்டுகள் கரைந்து, பசைபோன்ற ஒரு திண்மமாக மாறி மணலையும் ஜல்லியையும் பிடித்துக்கொள்கின்றன. கூடவே சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, மிஞ்சுகிறது. வலிமைக்கு இந்தச் சுண்ணாம்பால் பெரிய பயனில்லை. ஆனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கும் நீரின் பிஎச் 12.5க்கு மேலேயே நிற்க அது உதவுகிறது. அந்தக் காரத்தன்மையில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கிறது. கம்பிக்குப் பெயின்ட் அடிக்காமலே கான்கிரீட்டுக்குள் பல பத்தாண்டு விட்டுவைக்க முடிவது இதனால்தான்.

அடுத்தது துளைகள். சிமென்ட் முழுதும் வினைபுரியத் தேவையானதை விட அதிகமாக ஊற்றும் தண்ணீர் எல்லாம், பிற்பாடு வெளியேறி வெற்றிடமாக நின்றுவிடும். 1950களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டி.சி. பவர்ஸும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் இதை நன்றாகக் காட்டின. தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40 இருந்தால், ஈரம் காயாமல் வைத்திருந்து மூன்று நாளிலேயே துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு அறுந்து அடைபட்டுவிடுகின்றன. 0.50 என்றால் இரண்டு வாரம். 0.60 என்றால் ஆறு மாதம். 0.70ஐத் தாண்டினால் எத்தனை காலம் நனைத்தாலும் அடைபடாது. கலவை இறுகலாக இருக்கிறதே என்று ஒரு வாளித் தண்ணீரைச் சேர்த்து ஊற்றும்போது, உப்பும் காற்றும் போய்வர ஒரு நிரந்தரப் பாதையையும் சேர்த்தே ஊற்றுகிறோம். பின்னால் வரும் ரசாயனக் கதை எல்லாமே இந்தப் பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

சரி, தூணுக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் 19 கிராம் அளவுக்குக் குளோரைடு. சல்ஃபேட் மூன்று கிராமுக்கும் குறைவு. குளோரைடு கான்கிரீட்டை நேரடியாக அவ்வளவாகத் தின்பதில்லை. அமைதியாக உள்ளே ஊர்ந்து கம்பியைத் தொட்டு, அந்த மெல்லிய படலத்தை அங்கங்கே ஊசிக்குத்தாக உடைத்துவிடுகிறது. அப்புறம் துரு. துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெம்ப, இழுவிசையைத் தாங்கத் தெரியாத கான்கிரீட் பிளக்கிறது.

துருவுக்கு ஆக்சிஜனும் வேண்டும். ஆழத்தில் குளோரைடு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ஆக்சிஜன் போதவில்லை. உச்சியில் ஆக்சிஜன் தாராளம், உப்புதான் குறைவு. அலை மோதும் நடுப்பகுதியிலோ ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் உப்புநீர் உறிஞ்சப்படுகிறது. அலை விலகியதும் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. இப்படி நாள் முழுக்க நனைந்து காய்ந்து, கடல்நீரைவிடச் செறிவான உப்புக் கரைசல் அங்கே சேர்கிறது. உப்பு, ஆக்சிஜன், ஈரம் என மூன்று தேவையும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

இங்கேதான் தவறான சிமென்ட் தேர்வு சகஜம். ‘கடல் உப்பு என்றால் சல்ஃபேட் தாங்கும் சிமென்ட் வாங்கு’ என்ற யோசனை பலருக்கும் முதலில் தோன்றும். அந்தச் சிமென்டில் சி3ஏ அளவைப் பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். சல்ஃபேட் மண்ணுக்கு அது சரியான மருந்து. ஆனால் உள்ளே வரும் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து, ஃப்ரீடல் உப்பு என்ற சேர்மமாக மாற்றிக் கட்டிப்போடுவது அதே சி3ஏதான். அதைக் குறைத்தால் குளோரைடு தடையின்றிக் கம்பி வரை போகும். கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டும், அளவை வைத்துப் பயப்படும் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. குளோரைடு சூழ இருக்கும்போது சல்ஃபேட்டால் வரும் விரிவு பெரிதும் அடங்கிவிடுகிறது. கம்பி போட்ட கடலோரக் கான்கிரீட்டுக்கு சல்ஃபேட் தாங்கும் சிமென்டை மட்டும் நம்புவது, திருடன் வரும் வாசலை விட்டுவிட்டு வேறு வாசலைப் பூட்டுவது மாதிரி.

கடலோரத்துக்கு ஏற்றது கலப்புச் சிமென்ட். இரும்பு உலைக் கசடை அரைத்த ஸ்லாக் பாதிக்கு மேல் கலந்தது, அல்லது நிலக்கரிச் சாம்பலான ஃப்ளை ஆஷ் கால் பங்குக்கு மேல் கலந்தது. இவை மிஞ்சிக் கிடக்கும் சுண்ணாம்போடு மெதுவாக வினைபுரிந்து புதிதாகப் பசை உண்டாக்கித் துளைகளை நுணுக்கிவிடுகின்றன. அப்போது குளோரைடு ஊடுருவும் வேகம் பல மடங்கு குறைகிறது. மிக நுண்ணிய சிலிக்காத் தூளான மைக்ரோ சிலிக்கா இதையே இன்னும் வேகமாகச் செய்யும். கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் 28 நாள் கியூப் டெஸ்டில் ஓபிசியும் ஸ்லாக் சிமென்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். உப்பைத் தடுப்பதில் இரண்டுக்கும் உள்ள தூரத்தை அந்த எண் காட்டாது.

இதைப் படித்ததும் எல்லா இடத்துக்கும் கலப்புச் சிமென்டே போதும் என்று தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் காற்றில் இருக்கும் கரியமில வாயு வேறு வகை எதிரி. அது துளை வழியே நுழைந்து சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. இதற்குப் பெயர் கார்பனேஷன். கான்கிரீட் கெட்டுப்போவதில்லை, சில சமயம் மேற்பரப்பு இன்னும் இறுகவும் செய்யும். போவது காரத்தன்மை. பிஎச் 13க்கு அருகே இருந்தது 9க்குக் கீழே இறங்கிவிடும். காரம் இழந்த பகுதியின் எல்லை கம்பியை எட்டும் நாளில் படலம் ஒரே மொத்தமாகக் கரைந்துவிடுகிறது. இந்தப் போரில் மிஞ்சிய சுண்ணாம்புதான் சேமிப்பு. ஓபிசியில் அது நிறைய உண்டு. ஸ்லாக்கும் ஃப்ளை ஆஷும் அதைத்தான் தின்று வளர்கின்றன. அதனால் ஒரே மாதிரி கலவை, ஒரே மாதிரி கியூரிங் (ஊற்றிய பின் நனைத்து வைப்பது) என்றால், சாம்பல் நிறையக் கலந்த கான்கிரீட்டில் கார்பனேஷன் பெரும்பாலும் வேகமாகவே முன்னேறும். கடலில் காப்பாற்றிய அதே குணம் இங்கே பலவீனம். துளைகளை நன்றாக அடைத்து, கவரை, அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனத்தை, சரியாக விட்டால் சமாளிக்கலாம். அலட்சியம் செய்தால் முடியாது.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. பழைய தூணின் ஒரு மூலையை உளியால் புதிதாக உடைத்து, தூசியைத் துடைத்து, பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். சில நொடியில் உள்பக்கம் பளிச்சென்று மெஜந்தா நிறத்துக்கு மாறும். விளிம்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தப் பட்டையின் அகலம்தான் கார்பனேஷன் போன ஆழம். மெஜந்தா எல்லை கம்பிக்கு வெளியே இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் துரு தொடங்கியிருக்கும், அல்லது ஈரத்துக்குக் காத்திருக்கும். ஈரம் இங்கே முக்கியம். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை உள்ள காற்றில்தான் கார்பனேஷன் வேகமாகப் போகும். ஆனால் அந்த வறட்சியில் துரு வேகமாக வளராது. அதனால் வீட்டுக்குள் இருக்கும் தூண் முழுக்கக் கார்பனேட் ஆகியும் பல ஆண்டு சும்மா நிற்கும். மழையும் வெயிலும் மாறிமாறிப் படும் பால்கனி முனைதான் முதலில் வெடிக்கும்.

மண்ணுக்குள் போனால் சல்ஃபேட்டின் ராஜ்ஜியம். ஜிப்சம் கலந்த களிமண்ணிலும் சில நிலத்தடி நீரிலும் இருக்கும் சல்ஃபேட், இறுகிப்போன சிமென்டில் சி3ஏ விட்டுச்சென்ற சேர்மங்களோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகங்களை வளர்க்கிறது. புதுக் கலவையில் இதே எட்ரிங்கைட் உண்டாவது நல்லது. சிமென்ட் கையிலேயே இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இறுகிய பிறகு வளர்ந்தால் இடம் இல்லாமல் கான்கிரீட்டைப் பிளக்கும். அஸ்திவாரத்துக்கு சி3ஏ குறைந்த சிமென்ட் என்ற விதி வந்தது இதனால்தான், இங்கே அது பொருத்தமான விதியும்கூட. ஸ்லாக், ஃப்ளை ஆஷ் கலவைகளும் இங்கே நன்றாக வேலை செய்கின்றன. கவனிக்க வேண்டிய விலக்கு, மெக்னீசியம் சல்ஃபேட். அது சுண்ணாம்பை முதலில் தின்னும். தின்னச் சுண்ணாம்பு இல்லையென்றால் பசையையே அரித்துக் கூழாக்கும். சுண்ணாம்பைக் காலி செய்யும் மைக்ரோ சிலிக்காக் கலவைகள் அங்கே ஓபிசியைவிட மோசமாகப் போகக்கூடும்.

விதியை நம்பியும் ஏமாந்தவர்கள் உண்டு. 1998இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷரில் எம்5 நெடுஞ்சாலைப் பாலங்களின் அடித்தூண்களைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணை ஒட்டிய கான்கிரீட் வெள்ளைக் களியாக மாறியிருந்தது. தாமசைட் என்ற சேர்மம் செய்த வேலை அது. குளிர்ந்த ஈர மண்ணில், சல்ஃபேட்டோடு கார்பனேட்டும் கிடைத்தால், அது சி3ஏயைச் சட்டை செய்யாமல் சிலிகேட் பசையையே குலைத்துவிடும். அலுமினேட்டைக் குறைத்த சிமென்டுக்கு அங்கே பெரிய அர்த்தமில்லை.

சுவரின் அடியில், தரைக்கு ஓர் அடி மேலே மட்டும் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் பலர் சல்ஃபேட் வினை என்று எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அது வெறும் உப்புப் படிகம். ஈரம் கீழிருந்து ஏறி, மேலே ஆவியாகி, துளைக்குள் உப்பு படிகமாகி நெம்புகிறது. ரசாயன வினையே இல்லை என்பதால் சிமென்ட் ரகத்தை மாற்றி இதைத் தடுக்க முடியாது. தண்ணீர்-சிமென்ட் விகிதத்தைக் குறைப்பதும், ஈரம் ஏறாமல் தடுப்பதும்தான் வழி.

கழிவுநீர்க் குழாய்கள் இன்னொரு பாடம். குழாய் தேய்வது தண்ணீர் ஓடும் அடியில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அரிப்பு அதிகம் நடப்பது தண்ணீருக்கு மேலே, குழாயின் கூரையில். கழிவுக்குள் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அது மேலே எழுந்து ஈரமான கூரையில் படிகிறது. அங்கே இன்னொரு பாக்டீரியாக் கூட்டம் அதைக் கந்தக அமிலமாக்குகிறது. மேற்பரப்பின் பிஎச் 1, 2 வரைகூட இறங்கும். 1945இல் மெல்போர்னில் ஆய்வு செய்த பார்க்கர், இதில் பாக்டீரியாவின் பங்கைக் காட்டினார். கூரையைச் சுரண்டினால் தயிர்க்கட்டி போல வெள்ளை ஜிப்சம் கையோடு வரும். ‘சல்ஃபேட் தாங்கும்’ என்று மூட்டையில் போட்டிருப்பது இங்கே உதவாது. அமிலம் எந்தப் போர்ட்லண்ட் சிமென்டையும் கரைக்கும். உள்பூச்சு போட வேண்டும், அல்லது போர்ட்லண்ட் வகையே அல்லாத, கால்சியம் அலுமினேட்டாலான அலுமினேட் சிமென்டுக்கு மாற வேண்டும்.

அந்த அலுமினேட் சிமென்டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. சல்ஃபேட்டில் சிதைந்த கான்கிரீட்டுக்கு மாற்றுத் தேடி, பிரான்சில் ஜூல் பியே 1908இல் காப்புரிமை பெற்ற சிமென்ட் அது. ஒரே நாளில், போர்ட்லண்ட் 28 நாளில் தரும் வலிமையைத் தந்துவிடும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இந்த வேகத்துக்காகவே உத்தரங்களை வார்த்துத் தள்ளினார்கள். ஆனால் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் அதன் படிகங்கள் காலப்போக்கில் அடர்த்தியான வேறு வடிவத்துக்கு மாறும். அடர்த்தி கூடினால் இடம் மிஞ்சும், மிஞ்சிய இடம் துளையாகும், வலிமை சரியும். 1974 பிப்ரவரியில் லண்டன் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரை இடிந்து விழுந்தது. சூடான, ஈரக்காற்று தேங்கும் கூரைக்கு அதைவிடப் பொருந்தாத சிமென்டைத் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலத்து இடிவுகளுக்குப் பிறகு கட்டடச் சட்டகங்களிலிருந்து அதை அங்கே நடைமுறையில் ஒதுக்கிவிட்டார்கள். சாக்கடையிலும் உலைகளிலும் அது இன்றும் மதிப்பாக வாழ்கிறது.

வெப்பம் உள்ளிருந்தும் வரும். சிமென்ட் இறுகும்போது சூடாகும். கனமான வார்ப்பில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 1930களில் ஹூவர் அணையைக் கட்டியவர்கள் குறைவெப்பச் சிமென்டைப் பயன்படுத்தியதோடு, கான்கிரீட்டுக்குள் ஓர் அங்குலக் குழாய்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் புதைத்துக் குளிர்நீர் ஓட்டினார்கள். வார்ப்பின் உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினால் வேறொரு அபாயமும் உண்டு: அப்போது உருவாகாமல் தடுக்கப்பட்ட எட்ரிங்கைட், வருடங்கள் கழித்து ஈரம் கிடைத்ததும் வளர்ந்து வெடிக்கும். பெரிய அடித்தளத்துக்கு ‘சீக்கிரம் இறுகும்’ சிமென்டை வாங்குவது அதனால்தான் தப்பு.

உறைபனி நாடுகளில் சிமென்டைவிடக் காற்றுக் குமிழிகள் முக்கியம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தம் தப்பிக்க 4 முதல் 7 சதவீதம் வரை நுண்குமிழிகளைக் கலவையிலேயே விட்டுவைக்கிறார்கள். சாலையில் பனியை உருக்க உப்பும் தூவுவார்கள் என்றால், ஸ்லாக் மிக அதிகமான கான்கிரீட்டில் மேல்தோல் உரியும் தொல்லையும் சேரும். ஜல்லியே எதிரியாவதும் உண்டு. சில பாறைகளில் இருக்கும் சிலிக்கா, சிமென்டின் காரத்தோடு சேர்ந்து தண்ணீரை உறிஞ்சி வீங்கும் கூழாகிறது. கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் 1940இல் இதைக் கண்டுசொன்னார். காரம் குறைந்த சிமென்ட் அல்லது ஃப்ளை ஆஷ் இதற்கு மருந்து.

இந்த இடத்தில் யாராவது ரோமானியர்களை இழுப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டாகக் கடலில் நிற்கிறதே அவர்களுடைய கான்கிரீட், நம்முடையது ஏன் ஐம்பதிலேயே தள்ளாடுகிறது என்று. அவர்கள் கலந்த எரிமலைச் சாம்பலின் ஊரான பொட்சுவோலியின் பெயரில்தான் ‘போஸோலானா’ என்ற சொல்லே வந்தது. அந்த வகையில் கலப்புச் சிமென்டின் முன்னோர் அவர்கள்தான். ஆனால் அதற்குள் கம்பி கிடையாது. துருப்பிடிக்க ஏதும் இல்லாத கான்கிரீட்டையும் நம்முடையதையும் ஒப்பிடுவது நியாயமில்லை. அவர்களுக்கு ஏழாம் நாளில் சென்ட்ரிங்கைக் கழற்ற வேண்டிய அவசரமும் இருந்திருக்காது.

அந்த அவசரம்தான் கலப்புச் சிமென்டைக் கெடுக்கிறது. சாம்பலும் ஸ்லாக்கும் மெதுவாக வேலை செய்பவை. நன்றாக நனைத்தால் நிதானமாகத் துளைகளை அடைக்கும். மூன்றாம் நாளே காயவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். நிற்பதும் கம்பிக்கு வெளியே இருக்கும் அந்த மேல்தோலில்தான், ஏனென்றால் முதலில் காய்வது அதுதான். தனியே தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்த கியூப் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். கியூரிங்குக்கு உறுதி சொல்ல முடியாத இடத்தில், அதிகம் கலக்காத சிமென்டை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் குறைப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இதற்கு எதிர்க்கருத்து உள்ள பொறியாளர்களும் நிறைய.

அந்த மேல்தோலுக்குத்தான் கவர் என்று பெயர். உப்பானாலும் கரியமில வாயுவானாலும், உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், கவரைப் பாதியாக்கினால் காலம் கால் பங்காகிவிடும். வரைபடத்தில் 50 மி.மீ. என்று இருக்கும், ஆட்கள் கம்பிமேல் நடந்து, கவர் பிளாக் நகர்ந்து, 25 மி.மீ. ஆகிப்போயிருக்கும். நாற்பது ஆண்டு கழித்துத் தொட வேண்டிய உப்பு பத்தாம் ஆண்டே வந்து நிற்கும். ஸ்லாக்கா, ஃப்ளை ஆஷா என்று மாதக்கணக்கில் பேசி எடுத்த முடிவின் பலன் அத்தனையும் அந்த 25 மி.மீட்டரில் போய்விடும். ஊற்றுவதற்கு முந்தைய நாள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போனால் அளந்துவிடலாம். ஊற்றிய பிறகென்றால் கவர் மீட்டர் வேண்டும். அதுவும் குறையைக் காட்டும், சரிசெய்யாது.